விளக்கு வைப்பதற்குள் டொரண்டோ

பாலையாவின் சொந்தபந்தங்களில் பெண் கொடுப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பையனின் குணம், குடும்பம், வேலை எல்லாம் விசாரிப்பார்கள்தான். அதற்கும் முன்னால் தூரம் பார்ப்பார்கள். பொழுது விடிந்து வீட்டை விட்டுக் கிளம்பினால், விளக்கு வைப்பதற்குள் மகள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். நிற்க முடியாத ஊர் என்றால், பையன் சொக்கத் தங்கமாக இருந்தாலும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இதில் சாஸ்திரம் ஒன்றும் இல்லை. பாலையாவின் தாத்தா காலத்தில் அவர்களுக்கு ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது. அடுத்தவர் பண்ணையில் வேலை. மகளுக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்தால், பண்ணைக்காரர் ஒரு நாள் விடுவார். நடந்து போய்ப் பார்த்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பி, மறுநாள் காலையில் ஏர் பிடித்து நிற்க வேண்டும். ஆகவே கால் எட்டுகிற தூரத்தில் மட்டும் பெண் கொடுத்தார்கள். அப்புறம் பஸ் வந்தது. கார்வேட்டிநகரத்தோடு நின்றிருந்த சம்பந்தம் சித்தூர், திருத்தணி, வேலூர் என்று விரிந்தது. இன்றைக்கு வெதுருகுப்பத்தில் பாலையாவுக்குச் சொந்தமாக மாந்தோப்பு இருக்கிறது, கறவை மாடு இரண்டு இருக்கிறது, யாரிடமும் போய் விடுப்புக் கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கை மட்டும் யாரும் கைவிடவில்லை.

அந்தக் கணக்குக்கு இப்போது சோதனை வந்திருந்தது. பாலையாவின் ஒரே மகள் ரூபா திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள், விடுதியில் தங்கியிருக்கிறாள். கல்லூரியில் அவளோடு படித்த பலமனேர்ப் பையன் கிரண்குமார் பெண் கேட்டிருந்தான். நல்ல பையன், நம்ம ஜனம், அவளுக்கும் பிடித்திருந்தது. எல்லாம் சரி. பையன் இருப்பது மட்டும் கனடா தேசத்தில், டொரண்டோவில். வெள்ளிக்கிழமை அவன் வீட்டார் வருகிறார்கள். சம்மதம் என்றால் அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

வேறு ஒருவராக இருந்தால் 'முடியாது' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். பாலையாவுக்கு அது வராது. மனிதருக்கு முன்கோபம் உண்டு, ஆனால் அதைவிடப் பெரிய வியாதி ஒன்று உண்டு: எதையும் நோண்டிப் பார்க்காமல் விடமாட்டார். பஸ்ஸுக்குக் கணக்கு நீண்டது என்றால் விமானத்துக்கு ஏன் நீளக் கூடாது? மோட்டார் சாமான் வாங்கத் திருப்பதிக்குப் போனவர், சாமானை மறந்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே விமான டிக்கெட் போடுகிற சிரஞ்சீவியின் கடையில் போய் உட்கார்ந்தார்.

"செப்பண்டி அன்னா, எந்த ஊருக்கு டிக்கெட்?" என்றான் சிரஞ்சீவி.

"டிக்கெட் அப்பறம். டொரண்டோ எம்மாந்தூரம், அத்த சொல்லு."

சிரஞ்சீவி கம்ப்யூட்டரில் தட்டினான். சென்னையிலிருந்து பதிமூன்றாயிரம் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும் என்றான். திரையில் ஒரு படமும் வந்தது. சென்னைக்கும் டொரண்டோவுக்கும் நடுவில் ஒரு கோடு, நேராகப் போகாமல் வடக்கே வளைந்து ஏறி, அப்புறம் கீழே இறங்கியது. பாலையாவுக்குச் சுருக்கென்றது.

"ஏம்பா, நேரா போவாம எதுக்கு வளைச்சிக்கினு போறான்? திருச்சானூர் ஷேர் ஆட்டோக்காரன் ஆள் ஏத்தறதுக்கு ஊரச் சுத்திக்கினு போவானே, அந்த மாரியா?"

"இதே ஷார்ட் கட் அன்னா. பூமி குண்டா கீது இல்ல? அதனால படத்துல அப்டி தெரியும்."

அந்தப் பதில் பாலையாவுக்குப் போதவில்லை. அதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டு, நேரத்தைக் கேட்டார். விடிகாலை ஐந்தரைக்குச் சென்னையில் ஏறினால், நடுவில் ஓர் ஊரில் மாறி, சாயந்தரம் நாலு மணிக்கு டொரண்டோவில் இறங்கலாம் என்றான் சிரஞ்சீவி.

"மறுநாள் சாயந்தரமா?"

"லேது அன்னா. அதே நாள்."

"அதே நாளா?"

"அதே தேதி, அதே கெழம. இதோ பாருங்க, போட்டுக்கீது."

பாலையா எழுந்து நின்று திரையைப் பார்த்தார். போட்டிருந்தது. விடிந்து கிளம்பினால் விளக்கு வைப்பதற்குள்! தாத்தாவே வந்து சம்பந்தம் பேசியிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமைந்திருக்காது. சிரஞ்சீவிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஏதோ தானே விமானத்தைக் கண்டுபிடித்த மிதப்பில் பஸ் ஏறினார்.

வீட்டில் முதல் வேலையாகத் தோட்டத்திலிருந்து ஒரு பூசணிக்காயைப் பறித்தார். மனைவி பாப்பாத்தியின் சாந்துப்பொட்டை எடுத்து, இங்கே ஒன்று அங்கே ஒன்று வைத்தார். இது சென்னை, அது டொரண்டோ. இரண்டுக்கும் நடுவே பூக்கட்டும் நூலை வைத்து இழுத்துப் பிடித்தார். நூல் தானாகவே காம்பு பக்கம் ஏறி நின்றது. கீழே தள்ளிப் பார்த்தார், தொளதொளத்தது. மறுபடி இழுத்தார், மறுபடி மேலே ஏறியது.

"அட! அந்தப் பய சொன்னது நெசந்தான்," என்று சத்தம் போட்டார்.

"காயக் குடுத்தா கொழம்பு வைப்பேன்," என்றாள் பாப்பாத்தி.

ஞாயிற்றுக்கிழமை ரூபா வந்ததும் பாலையா அவளை உட்கார வைத்துச் செய்தியைச் சொன்னார். அதே நாள் போய்ச் சேர்ந்துவிடலாம், நம் கணக்குக்குள் வருகிறது, வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம். ரூபாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்திலேயே மங்கியது. அவள் தட்டில் இருந்த சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தாள்.

மோர் ஊற்றிக்கொண்டிருந்த பாப்பாத்திதான் கேட்டாள். "அவுங்க ஊர்ல சாயந்தரம் நாலுன்னா, நம்ம ஊர்ல அப்ப இன்னா மணி?"

ரூபா அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பெண். "மறுநாள் பொறந்து ராத்திரி ஒன்றர மணிம்மா," என்றாள்.

பாலையாவுக்குக் கோபம் குப்பென்று ஏறியது. "அப்ப கடியாரத்தத் திருப்பி வச்சிக்கினு, சீக்கிரம் வந்துட்டம்னு சொல்றானுங்களா? இன்னா மோசடி இது!"

"மோசடி இல்ல நைனா. ப்ளேன் மேக்கால போவுது, சூரியனும் மேக்கால போவுது. கூடவே போறதால பொழுது சாயவே மாட்டேங்குது. அவ்ளோதான்."

"சூரியனத் தொரத்திக்கினு போறான்," என்றார் பாலையா. கோபம் பாதியில் நின்றுவிட்டது. அந்த எண்ணம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. "விளக்கு வைக்கறதுக்குள்ளன்னு சொன்னாங்களே, அது யார் வூட்டு விளக்கு? நம்ம வூட்டு விளக்கா, அவ வூட்டு விளக்கா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கார்வேட்டிநகரத்துக்கு நடந்து போனவர்களுக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்காது.

"விளக்கு கெடக்கட்டும். வூட்டுலேந்து கெளம்பி எறங்கறவரைக்கும் மொத்தம் எவ்ளோ நேரம்?"

"ஏறினதுலேந்து இருவது மணி நேரம் நைனா."

"இருவது மணி நேரம்னா எம்மாம் நேரம்?"

"இருவது மணி நேரந்தான்," என்றாள் பாப்பாத்தி.

அது அவருக்கு வெறும் எண்ணாகவே இருந்தது. உடம்புக்குத் தெரியாத ஒன்றை வைத்து மகளைக் கொடுப்பதா, மறுப்பதா? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். புதன்கிழமை தானும் பாப்பாத்தியும் வீட்டிலேயே நாற்காலி போட்டு, அத்தனை நேரமும் உட்கார்ந்து பார்ப்பது. முடிந்தால், அவள் கூப்பிட்டால் தன்னால் போக முடியும் என்று பொருள். போக முடிகிற இடத்துக்குப் பெண் கொடுக்கலாம்.

"முடியலன்னா?" என்று கேட்டாள் ரூபா.

"முடியலன்னா, வெள்ளிக்கெழம வர்றவங்களுக்குக் காப்பி குடுத்து அனுப்பிருவோம்."

ரூபாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தன் வாழ்க்கை அப்பாவின் முழங்காலில் போய்த் தொங்குகிறதே என்று இருந்தது. ஆனால் இந்த ஒரு வழியாவது திறந்திருக்கிறதே என்று, விதிமுறைகளை அவளே சொல்லிக் கொடுத்தாள். ஒருவர் பக்கத்தில் ஒருவர் நெருக்கமாக உட்கார வேண்டும், பாத்ரூமுக்குத் தவிர எழுந்திருக்கக் கூடாது, நடுவில் இறங்குகிற ஊரில் மட்டும் கொஞ்சம் நடக்கலாம். "ஏறினதும் போன ஆஃப் பண்ணிரணும் நைனா. ப்ளேன்ல அதான் ரூல்," என்றாள்.

அன்று சாயந்தரம் சித்தூரிலிருந்து பாலையாவின் தங்கை பிரேமலதா போனில் பேசினாள். அவளைக் கொடுத்தது ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில்தான். புருஷன் ரங்கையா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா உக்காந்துக்கினு போண்ணா. அப்டியே சித்தூர்ல எறங்கறாப்ல ஒரு ப்ளேன் இருந்தா பாரு, வந்து ஒரு வாய் துன்னுட்டுப் போவலாம்," என்றாள். பாலையாவும் சிரித்தார்.

புதன்கிழமை வந்தது. விமானம் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் கிளம்பட்டும், பால் கறக்காமல் தான் கிளம்புவதில்லை என்று பாலையா சொல்லிவிட்டதால், கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்பினார்கள். கூடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒட்டிப் போட்டார்கள். கால் நீட்ட முடியாதபடி எதிரே நெல் மூட்டையை நிறுத்தினார்கள். ஜன்னலோரம் தனக்குத்தான் வேண்டும் என்று பாப்பாத்தி பிடித்துக்கொண்டாள். மடியில் புளிச்சோற்றுப் பொட்டலம். இரண்டு போனையும் அணைத்து அலமாரியில் வைத்தாயிற்று.

எதிர்வீட்டுச் சடகோபன் எட்டிப் பார்த்தார். "இன்னா பாலையா, ரெண்டு பேரும் போட்டோக்கு உக்காந்தாப்ல கீறீங்க?"

"டொரண்டோ போய்க்கினு கீறோம்."

"இப்ப எங்க போவுது?"

"இப்பதான் கடலுக்கு மேல."

சடகோபன் தலையைச் சொறிந்துகொண்டே போய்த் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அவரவர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முதலில் பாலையாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது, அப்புறம் எரிச்சலாக இருந்தது, அப்புறம் வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்ததும் வந்தவர்கள் முகமே கண்ணில் படவில்லை. வரப்பில் நாள் முழுக்க நிற்கிற மனிதர். நிற்பதில் இல்லாத கஷ்டம் உட்கார்வதில் எப்படி வந்தது என்று யோசித்தார். உடம்பு சும்மா இருக்க, நேரம் மட்டும் ஓடுவது அவருக்குப் புதிதாக இருந்தது. முதுகைச் சாய்த்துப் பார்த்தார், ஒருக்களித்துப் பார்த்தார், பாப்பாத்தியின் தோளில் இடித்துக்கொண்டார்.

"நாம ரெண்டு பேரும் இம்மாம் நேரம் சேந்தாப்ல உக்காந்ததே இல்ல," என்றாள் பாப்பாத்தி.

பாலையா யோசித்துப் பார்த்தார். உண்மைதான். கல்யாணத்தன்றுகூட இத்தனை நேரம் இல்லை. இந்த வயதில் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"பொண்ணு அங்கேந்து அழுதுக்கினு போன் பண்ணா, நெசமா போவியா?" என்று கேட்டாள் அவள்.

"போவாம? கூப்ட்டா போவணும். அதுக்குத்தான கணக்கே."

மத்தியானம் புளிச்சோற்றைத் தின்றார்கள். பிறகு நடுவழி ஊரில் இறங்கினார்கள்; அதாவது கொல்லைப்புறத்துக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, இரண்டு சுற்று நடந்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். கால் வலி விட்டதும் பாலையாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. முடியும் என்று தோன்றியது. வலிக்கும், ஆனால் முடியும். வெள்ளிக்கிழமை என்ன பலகாரம் செய்யலாம் என்று பாப்பாத்தியிடம் பேசக்கூட ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் சடகோபன் போனைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார். இந்த முறை அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "போன எடுக்க மாட்டீங்களாய்யா? ரூபா என் நம்பருக்கு அடிச்சிக்கீது. பேசு."

போனில் ரூபாவின் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "நைனா, பயப்படாத. பிரேமா அத்த காலைல படியில சறுக்கி விழுந்துட்டா. தொட எலும்பு ஒடஞ்சிருக்கு. மாமா லாரியோட நாக்பூர் பக்கம் கீறாரு, அவரு வர ரெண்டு நாளாவும். அத்த உனக்குத்தான் மொதல்ல அடிச்சாளாம், கெடைக்கலன்னு எனக்கு அடிச்சா. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு பஸ்ஸப் புடிச்சி வந்துட்டேன். சித்தூர் ஆஸ்பத்திரில சேத்தாச்சு. நாளைக்கி ஆபரேஷன். எதிர்வூட்டு நம்பரு இப்பதான் கெடச்சுது."

பாலையா எழுந்தார். நெல் மூட்டை காலில் இடித்து விழுந்தது. மாட்டைப் பார்த்துக்கொள்ள பாப்பாத்தி இருந்துகொண்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே ரோட்டுக்கு ஓடினார். அந்த நேரம் பார்த்து பஸ் வரவில்லை. வந்த பஸ்ஸும் ஒவ்வொரு ஊரிலும் ஆள் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போயிற்று. தக்காளிக் கூடையோடு ஒரு அம்மாள் இறங்குவதற்கே ஒரு யுகமாயிற்று. காலையிலிருந்து எத்தனை முறை அடித்திருப்பாள் என்று பாலையா எண்ணிப் பார்த்தார். சித்தூரில் இறங்கியபோது கடைகளில் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பிரேமலதா காலில் எடை கட்டித் தொங்க, மல்லாந்து படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள்.

"டொரண்டோ போய்ச் சேந்துட்டியாண்ணா?"

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் பாலையாவால் தாங்க முடியவில்லை.

"இல்லம்மா," என்றார்.

"படியில கெடந்துக்கினு உனக்கு அடிச்சேன். ஸ்விட்ச் ஆஃப்னு சொல்லிச்சு. மறுபடி அடிச்சேன், மறுபடி அதான் சொல்லிச்சு. அப்பறந்தான் நெனப்பு வந்துச்சு, அண்ணன் ப்ளேன்ல போய்க்கினு கீறானேன்னு. அந்த வலியிலயும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சுண்ணா." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ கடசியா என் வூட்டுக்கு எப்ப வந்தேன்னு யோசிச்சிக்கினு கெடந்தேன். கெணறு எறைக்கிற மோட்டார் ரிப்பேருக்கு சித்தூர் வந்தப்ப வந்த. அன்னிக்கும் உக்காரல."

மகளுக்காகக் கடல் தாண்டுகிற தூரத்தை எல்லாம் அளந்த பாலையாவுக்கு, தங்கை வீட்டுக்கு ஓடுகிற பஸ் எத்தனை மணிக்கு என்றுகூடத் தெரியாது என்பது இன்று ரோட்டில் நின்றபோதுதான் உறைத்திருந்தது. தன்னை நினைக்கவே அவமானமாக இருந்தது. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். மாத்திரை வேலை செய்ய, அவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

வராந்தாவில் ரூபா மருந்துச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். லேப் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தாள்.

"திருப்பதிலேந்து வர உனக்கு எவ்ளோ நேரமாச்சு?" என்று கேட்டார் பாலையா.

"மணி பாக்கல நைனா."

ரூபா தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகப் பேசினாள். "போன ஆஃப் பண்ணச் சொன்னது நாந்தான். தப்பு என் மேலதான். வெள்ளிக்கெழம அவுங்கள வர வேணாம்னு சொல்லிடறேன். நீயும் பாதியில எந்திரிச்சிட்ட. உன் கணக்குப்படி முடியாதுதான?"

குரல் கடைசியில் உடைந்துவிட்டது. அவள் இவ்வளவு நேரம் அழுகையை எவ்வளவு கஷ்டப்பட்டு அடக்கி வைத்திருந்தாள் என்று பாலையாவுக்குப் புரிந்தது.

"அந்தக் கணக்குல எங்கயோ கோளாறு கீது ரூபா," என்றார். "தூரத்த மட்டும் கணக்குப் பண்ணாங்க. போறவன் எப்டியாப்பட்டவன்னு யாரும் கணக்குப் பண்ணல."

"அதனால?"

"அதனால வெள்ளிக்கெழம வரச் சொல்லு. ஆனா வெதுருகுப்பத்துக்கு வேணாம். பலமனேர்லேந்து சித்தூர்தான் அவுங்களுக்கும் பக்கம், இங்கயே வரச் சொல்லு. அத்தக்காரி கையால தட்டு மாத்தாம எப்டி? படுத்துக்கினே மாத்தட்டும். அது வரைக்கும் நான் இங்கதான் கீறேன்."

ரூபா வாயைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியிலயா நைனா? அவுங்க ஒத்துக்குவாங்களா?" என்றாள்.

"ஒத்துக்கலன்னா நான் போன் பண்ணி..." என்று பாலையா ஆரம்பித்தார்.

உள்ளேயிருந்து, தூக்கக் கலக்கத்தில், பிரேமலதா "அண்ணா" என்று கூப்பிட்டாள். பாலையா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார்.